வைத்த கை, பார்த்த கண், மூடிய வாய்

கிரலமுல்லக் கடைத்தெருவில் யசவதியின் குரல் கேட்கவில்லை என்றால் அன்றைக்குக் கடலில் மீனே விழவில்லை என்று பொருள். பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே வாதுமை மரத்தடியில் ஒரு பலகை, ஒரு தராசு, பாதி தேய்ந்த கத்தி ஒன்று. அவள் சொத்து அவ்வளவுதான். கல்யாணமான மறு வருஷமே புருஷன்காரன் இத்தாலிக்குப் படகேறினான். அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று செய்தி வந்தபோது, "மீனெண்டால் நாறினாத்தான் எறியலாம், இவன் தானாவே போயிட்டான்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

அவளுக்கென்று இருந்தது தம்பி சாலிய ஒருவன்தான். தாய் செத்தபோது அவனுக்குப் பால் பற்கள்கூட விழவில்லை. மீன் வெட்டிய கையைக் கழுவிவிட்டு அதே கையால் சோறு ஊட்டி வளர்த்தாள். வளர்ந்து ஆட்டோ ஓட்டத் தொடங்கினான். விடிந்ததும் துறைமுகத்திலிருந்து அக்காவின் மீனைக் கொண்டுவந்து இறக்குவான், பிறகு சவாரிக்குப் போவான். வருகிற வெசாக் பண்டிகை கழிந்ததும் அவனுக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். பெண் வீட்டுக்காரர்கள் அவனைப் பற்றி விசாரித்தபோது, "வெத்திலைகூடப் போடாத பிள்ளை" என்று எல்லாக் கடையிலும் ஒரே பதில் கிடைத்தது.

கடைத்தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. அதை யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் கேட்டும் வாங்கவில்லை. காலையில் மீன் இறங்கியதும் அதில் நல்லது ஒன்றைப் பையில் போட்டு மரக்கிளையில் தொங்கவிட வேண்டும். பொலிஸ் நிலையத்திலிருந்து சார்ஜன்ட் பந்துல மோட்டார் சைக்கிளில் வருவார். இறங்கமாட்டார். பையைக் கைபிடியில் மாட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பெயர் பெரிய ஐயாவின் பங்கு. பெரிய ஐயா என்றால் பொறுப்பதிகாரி அபேகோன். எட்வின் முதலாளியின் பேக்கரியிலிருந்து பாணும் பணிசும் போகும், ஆட்டோக்காரர்கள் ஐயா வீட்டுக்குக் காசு வாங்காமல் ஓடுவார்கள். யானை வாயில் போன கரும்பாக எல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. யசவதியும் வருஷக்கணக்காகத் தொங்கவிட்டவள்தான்.

அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு. வந்தது ஒரே ஒரு பெரிய அறக்குளா மீன். அதுவும் ஒரு வீட்டில் செத்தவருக்குக் கொடுக்கிற தானத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தது. பிக்குமாருக்குப் படைக்கிற சோற்றுக்குப் போகவேண்டிய மீன். பந்துல வந்து கிளையைப் பார்த்தார். கிளை வெறுமையாக இருந்தது.

"எங்க யசே, பங்கு?"

"இண்டைக்கு இல்லை சேர். ஒரு மீன்தான். அது தானத்துக்கு."

"பெரிய ஐயாட வீட்டில இண்டைக்கு விருந்து. வெறும் கையோட போனா என்னைத் திண்டிடுவார்."

யசவதி மீனை எடுத்தாள், கத்தியை ஓங்கினாள், தலையை மட்டும் வெட்டிப் பையில் போட்டு நீட்டினாள்.

"இந்தாங்கோ. பொலிசுக்குத் தலை அவர்தானே. தலைக்குத் தலை அனுப்பியிருக்கிறாள் எண்டு சொல்லுங்கோ."

கடைத்தெரு சிரித்தது. எட்வின் முதலாளி பாண் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பஸ் நடத்துநர்கள் அந்தப் பேச்சை மாத்தறை வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மீன் கிடைக்காததை அபேகோன் மன்னித்திருப்பார், ஒரு நாள் பருப்போடு சாப்பிட்டு ஆள் செத்துவிடப் போவதில்லை. ஊர் சிரித்ததைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

அதற்கடுத்த முழுநிலாப் போயா தினத்துக்கு முன்பே அது நடந்தது. நல்ல வெயில் நேரம், பேக்கரிக்கு நேர் எதிரே, சந்தி நிறையச் சனம். சாலியவின் ஆட்டோவை மறித்தார்கள். அவனை இறக்கி ஒரு பக்கம் நிறுத்தினார்கள். பந்துல தன் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டார், அதே கையைச் சாரதி இருக்கைக்குக் கீழே விட்டார், வெளியே எடுத்தபோது அதில் ஒரு சிறிய பொட்டலம் இருந்தது. தூள். போதைத் தூள். அளவு கொஞ்சம் கூடினால் பிணையே இல்லாத, கடைசியில் தூக்குத் தண்டனை வரைக்கும் தீர்ப்பு எழுதக்கூடிய வழக்கு. யசவதி அந்த நேரம் துறைமுகத்தில் நின்றாள். அவள் ஓடி வந்தபோது ஜீப் போய்விட்டது, ஆட்டோ ஆளில்லாமல் கிடந்தது.

நீதவான் சாலியவை விளக்கமறியலுக்கு அனுப்பினார். கம்பிக்கு அப்பால் நின்று அவன் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, நீயாவது நம்புறியா?" பதில் சொன்னால் அழுதுவிடுவோம் என்று அவள் பயந்தாள். கொண்டுபோன சோற்றுப் பொதியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அன்றைக்கே பெண் வீட்டிலிருந்தும் ஆள் வந்து, "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வழக்கை எடுத்தவள் இனோகா என்ற இளம் சட்டத்தரணி. வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"அக்கா, நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அது அக்காட சத்தம்தான். கண்ணால கண்ட ஆள் வேணும். ரெண்டு பேர் வந்து சத்தியக் கடதாசி குடுத்தாக் காணும்."

"ரெண்டு பேரென்ன, சந்தியே பாத்தது பிள்ளை," என்று சொல்லிவிட்டு யசவதி கடைகடையாக ஏறினாள்.

எட்வின் முதலாளி அன்றைக்குக் கண்ணாடி போட்டிருக்கவில்லையாம். லொத்தர் சீட்டு விற்கிற பியசேன குனிந்து சில்லறை பொறுக்கிக்கொண்டிருந்தானாம். தையல் கடைக்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாளாம். இளநீர்க்காரன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தானாம், பிறந்த நாளிலிருந்து பார்க்கிற கடலை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்த்தானாம். நட்ட நடுப்பகலில் முழுக் கடைத்தெருவும் குருடாகியிருந்தது. கெட்டவர்கள் என்று சொல்லமுடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளை இருந்தது, அந்தப் பிள்ளைக்கும் ஒரு ஆட்டோவோ சைக்கிளோ இருந்தது, அதற்கும் ஒரு இருக்கை இருந்தது. இருந்தாலும் யசவதிக்கு வயிறு எரிந்தது. எரியத்தானே செய்யும்.

எரிந்த வயிற்றோடு அவள் பாறைக் கோயிலுக்குப் போனாள்.

கடலோரத்தில், அலை வந்து அடிக்கிற பாறைமேல் இருக்கிற தெய்வம் அது. களவு கொடுத்தவர்களும் அநியாயம் பட்டவர்களும் அங்கே போவார்கள். அம்மிக்கல் ஒன்று கிடக்கிறது. காய்ந்த மிளகாயை வைத்து அரைத்துக்கொண்டே செய்தவனின் பெயரைச் சொல்ல வேண்டும். அரைபட்ட மிளகாய் அவனைத் தேடிப் போகும். ஆனால் அதற்கும் சட்டம் இருக்கிறது. கண்ணால் காணாததைச் சொல்லக்கூடாது, பொய்யாக அரைத்தால் அரைத்தவளுக்கே திரும்பும். அந்தச் சாபக் கட்டை அவிழ்க்க வேண்டுமென்றால், செய்தவன் அரைத்தவளுக்கு முன்னால் நின்று செய்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் பொய்ச் சத்தியம் பண்ணுகிறவர்கள்கூட அந்த அம்மிக்கு முன்னால் வாயைத் திறக்க யோசிப்பார்கள்.

கோயில் பூசாரி கப்புறாளை மணியை ஆட்டி மந்திரம் சொல்லி முடித்தார். "பேரைச் சொல்லு அம்மே."

பந்துல என்ற பெயர் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் பார்க்கவில்லையே. ஊர் சாடைமாடையாகச் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறாள். பெயரை விழுங்கிக்கொண்டு அம்மிக்குழவியை இழுத்தாள்.

"வச்ச கை. பாத்த கண். மூடின வாய்."

கப்புறாளை மணியைக் கீழே வைத்தார். "அம்மே, அது கனபேர்."

"மிளகாய் காணாட்டிச் சொல்லுங்கோ, இன்னும் வாங்கிவாறன்."

மறுநாள் காலையில் மீன் விலையைக் கூவுகிற அதே குரலில், அரைத்ததையும் கூவினாள். கை, கண், வாய் மூன்றையும் தெருக்கோடி வரை கேட்கச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அன்றைக்கு மீன் வாங்காமல் வேறு பக்கத்தால் போனார்கள்.

அந்தக் கிழமைதான் ஊருக்குள் கண்ணோய் வந்தது. முதலில் எட்வின் முதலாளிக்கு. காலையில் எழுந்தபோது இமை ஒட்டிக்கிடந்தது, பிரித்துப் பார்த்தால் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. அவர் மிச்சக் காசு கொடுத்த கையால் பியசேனவுக்கு, பியசேன கொடுத்த லொத்தர் சீட்டால் தையல் கடைக்காரிக்கு, அப்படியே தெரு முழுக்க. மருந்தகத்து டாக்டர் இது பருவத்துக்கு வருகிற தொற்று, கையைக் கழுவுங்கள், துளி மருந்து விடுங்கள் என்றார். எல்லாரும் துளி மருந்தை வாங்கிக்கொண்டார்கள். டாக்டர் சொன்னது மருந்துக்கு, கப்புறாளை சொன்னது காரணத்துக்கு என்று பிரித்து வைத்துக்கொண்டார்கள்.

எட்வின் முதலாளி ஒரு பை நிறைய, சீனி தூவிய கிம்புலா பணிசோடு யசவதியின் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"யசே, பழகின ஆள் நான். கட்டை எடுத்துவிடு."

"உங்களுக்கென்ன முதலாளி? கண்ணாடி போடாத ஆளெல்லோ நீங்கள்."

"போட்டிருந்தன். எல்லாம் பாத்தன். பயத்தில சொன்னது."

"எனக்கென்னத்துக்குச் சொல்லுறியள்? இனோகா பிள்ளைட்டப் போய்ச் சொல்லுங்கோ. கோட்டில கண் திறந்தா இங்க தானா ஆறும். பணிசை வச்சிட்டுப் போங்கோ."

அவர் போனார். பின்னால் பியசேன போனான், தையல் கடைக்காரி போனாள். இனோகாவின் சிறிய அலுவலகத்துக்கு வெளியே துவாயால் கண்ணைத் துடைத்தபடி வரிசை நின்றது. அரிசிக் கடைச் சிறிபாலவும் சிவந்த கண்ணோடு வந்து, தானும் பார்த்ததாக எழுதச் சொன்னான். விஷயம் கேள்விப்பட்ட யசவதி மீன் கையோடு ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்தாள்.

"நீ அண்டைக்குக் கொழும்பில. என்னத்தைப் பாத்தாய்?"

"அப்ப ஏன் அக்கா எனக்கும் வந்தது?"

"அதுக்கு மருந்து விடு. பாக்காததைப் பாத்ததெண்டு சொன்னா அவங்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

விஷயம் அபேகோனின் காதுக்குப் போனது. அவரே ஜீப்பில் வந்து இறங்கினார், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். யசவதியின் பலகையில் சப்பாத்துக் காலை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். மீன்கள் மண்ணில் விழுந்தன.

"மிளகாய் அரைக்கிறியாம். உன்ர தம்பி வெளியில வரமாட்டான். அடுத்த முறை இந்தப் பலகைக்குக் கீழயும் ஏதாவது இருக்கும், விளங்குதா?"

யசவதி சேலையை இழுத்துச் செருகினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. சுற்றிவரப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்வின் முதலாளி கடை வாசலுக்கு வந்து நின்றார். பியசேன லொத்தர்ப் பெட்டியோடு வந்தான். தையல் கடைக்காரி, இளநீர்க்காரன், ஆட்டோக்காரர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள். யாரும் கடலைப் பார்க்கவில்லை, சில்லறை பொறுக்கவில்லை. அத்தனை சிவந்த கண்களும் அவர் முகத்தையே பார்த்தன. அவர் ஜீப்பில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். ஜீப் போன பிறகு இளநீர்க்காரன் குனிந்து மீன்களைப் பொறுக்கிக் கழுவிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் பந்துலவின் மனைவி மல்காந்தி வந்தாள். மீன் வாங்க வந்தவள்போலப் பாரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எங்கட வீட்டில அவருக்கு..."

"கண்ணோ?"

"ஒண்டுமில்லை அக்கா. அதுதான் பயம். ஸ்டேசனில எல்லாருக்கும் வந்திட்டுது, இவருக்கு மட்டும் ஒண்டும் வரேல்ல. தனக்குப் பெரிசா ஏதோ வருகுது எண்டு சொல்லிச்சொல்லி மெலிஞ்சு போனார். வலக்கையால சோறு தின்னுறேல்ல. பிள்ளையை அந்தக் கையால தூக்குறேல்ல."

யசவதிக்குச் சிரிப்பு வந்தது. வைத்த கை யாருடையது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. பாரையைப் பையில் போட்டுக் கொடுத்தாள். "கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வா. சட்டம் தெரியுந்தானே."

பந்துல சீருடை இல்லாமல், வெள்ளைச் சாரத்தோடு அம்மிக்கு முன்னால் நின்றார். பொட்டலத்தைக் கொடுத்தது அபேகோன், வைத்தது தான், அந்த மீன் தலை அனுப்பிய நாளிலிருந்து பெரிய ஐயா தூங்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து வலக்கையை நீட்டி, "இப்ப எடுத்துவிடு தங்கச்சி" என்றார்.

யசவதி அந்தக் கையைப் பார்த்தாள். அதை அம்மியில் வைத்து அரைக்கவேண்டும் போலத்தான் அவளுக்கு இருந்தது.

"இஞ்ச சொன்னது தெய்வத்துக்கு. என்ர தம்பி தெய்வத்தின்ர மறியலில இல்லை. நீதவான்ர மறியலில கிடக்கிறான். அங்க போய்ச் சொல்லுங்கோ, அதுக்குப் பிறகு எடுக்கிறன்."

"சொன்னா என்ர வேலை போகும். மறியலுக்கும் போவன்."

"ஓம், போவியள். நான் சோறு கொண்டுவந்து தாறன். வழி பழகிப்போச்சு."

வழக்கு நாளில் கடைத்தெரு பூட்டிக் கிடந்தது. நீதிமன்ற வாங்குகள் நிறைந்து சனம் சுவரோரமும் நின்றது. நீதவான் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ன இது, எல்லாருக்கும் கண் இப்படி?" என்று கேட்டார். பின் வரிசையில் யாரோ, "பாத்ததைச் சொல்ல வந்திருக்கிறம் சேர்" என்றார்கள். இனோகா சத்தியக் கடதாசிக் கட்டை நீட்டினாள். பிறகு சாட்சிக் கூண்டில் பந்துல ஏறினார். வேலை போகும் என்று தெரிந்தும் ஏறினார், அதை மட்டும் சொல்லவேண்டும். சோறு தின்னாத அந்த வலக்கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினார். கோயிலில் சொன்னதை ஒன்றும் விடாமல் அங்கேயும் சொன்னார்.

அபேகோன் தனக்கு ஒன்றும் தெரியாது, தான் ஒன்றும் பார்க்கவில்லை என்றார்.

"முதலில் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள்," என்றார் நீதவான்.

கழற்றினார். இரண்டு கண்ணும் இரத்தமாகச் சிவந்திருந்தன. நீதிமன்றத்தில் சிரிக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். எட்வின் முதலாளிதான் முதலில் சிரித்தார். பிறகு அந்தக் கூரையே அதிர்ந்தது. அமைதி, அமைதி என்று கத்தவேண்டிய நீதிமன்ற ஊழியரான முதலியார்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாலியவை அன்றைக்கே விடுவித்தார்கள். அபேகோனைப் பணியிலிருந்து நிறுத்தி, விசாரணைக்கென்று அதே மறியலுக்கு அனுப்பினார்கள். பந்துலவும்தான் போனார். யசவதி சொன்னபடி சோறு கொண்டுபோனாள், மல்காந்தியை ஆட்டோவில் பின்னால் ஏற்றிக்கொண்டு. ஓட்டியது சாலிய. முதல் நாள் முறைத்துக்கொண்டு ஓட்டினான், பிறகு பழகிவிட்டான். கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட பெண் வீட்டார் தாமாகவே வந்து நாள் பார்த்தார்கள். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம்" என்று யசவதி சொல்லி, அவர்கள் முகம் விழுந்ததைப் பார்த்து ரசித்த பிறகுதான் வெற்றிலைத் தட்டை வாங்கினாள்.

தம்பி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஊரெல்லாம் ஆறின பிறகு அவளுக்கு வந்துவிட்டது. எட்வின் முதலாளி விடுவாரா?

"என்ன யசே, அரைச்ச கைக்கே திரும்பிட்டுதே. எங்கயோ பொய் கலந்திட்டுதோ?"

யசவதி சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "பொய்யில்லை முதலாளி. இத்தனை வருஷமா மரத்தில மீனைக் கட்டித் தொங்கவிட்டது ஆர்? நானும் பாத்த கண்தான், மூடின வாய்தான். அது என்னையும் சேத்துத்தான் தேடி வந்திருக்கு."

அதைச் சொன்னபோது அவளுக்குக் கவலையாக இல்லை. பெரிய பாரம் ஒன்று இறங்கியதுபோலத்தான் இருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்த எட்வின் முதலாளியும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கட்டை அவிழ்க்கப் பாற்சோறு பொங்கி எடுத்துக்கொண்டு பாறைக் கோயிலுக்குப் போனபோது கடைத்தெருவே பின்னால் நடந்தது. சம்பவத்தன்று கொழும்பில் இருந்த சிறிபாலவும்தான்.

புதுப் பொறுப்பதிகாரி வந்து சேர்ந்த பிறகு ஒரு காலையில், சீருடையோடு ஒரு கொன்ஸ்டபிள் வாதுமை மரத்தடிக்கு வந்தான். ஊருக்குப் புதியவன். பாண் வெட்டுகிற சத்தம் நின்றது. பியசேன பெட்டியை மூடினான். ஆட்டோவுக்குள் இருந்த சாலிய நிமிர்ந்தான். கொன்ஸ்டபிள் மரக்கிளையைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தான்.

"இந்தச் சூரை என்ன விலை அக்கா?"

யசவதி சொன்னாள்.

"கூடவா இருக்கே. கொஞ்சம் குறையுங்கோ."

"குறைச்சு வேணுமெண்டால் கருவாடு இருக்கு, அதைத் தின்னுங்கோ."

அவன் இழுத்தான், அவள் விடவில்லை. கடைசியில் அவன் பையிலிருந்து காசை எடுத்தான். அந்தத் தெருவில் பொலிஸ்காரன் ஒருவன் மீனுக்குப் பேரம் பேசியதை அன்றைக்குத்தான் எல்லாரும் முதன்முதலாகப் பார்த்தார்கள், நன்றாகக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். யசவதி மீனை வெட்டிப் பையில் போட்டாள்.

"அக்கா, தலையையும் போடுங்கோ."

கத்தி பலகையிலேயே நின்றது. எட்வின் முதலாளி கடைக்கு வெளியே தலையை நீட்டினார்.

"தலைக்குத் தனி விலை தம்பி," என்றாள் யசவதி.

கடைத்தெரு ஏன் அப்படிச் சிரிக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. அதற்கும் காசைக் கொடுத்துவிட்டு, மீனை எடுத்துக்கொண்டு போனான்.